புறங்கைத் தேன்



11,000 டாலருக்குக் காபி. 25,000 டாலருக்கு ஓர் ஆண்டிறுதி விருந்து. 3,000 டாலருக்கு நிர்வாகக் குழுவினர் மதுவோடு சாப்பிட்ட ஓர் இராச்சாப்பாடு. 2014 டிசம்பர் 3 அன்று வாஷிங்டனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அறிவியல் குழு கூடி விசாரித்த விவகாரத்தில் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்துப்போன வரிகள் இவைதாம். செலவழித்தவர்கள் மந்திரிகளோ வியாபாரிகளோ இல்லை, விஞ்ஞானிகளின் நிறுவனம் ஒன்று. காட்டிலும் புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் கோபுரம் நட்டு, காற்றையும் மண்ணையும் எலியையும் கொசுவையும் முப்பது ஆண்டுகள் விடாமல் கணக்கெடுப்பது அதன் வேலை. தேசியச் சூழலியல் நோக்காய்வு வலையமைப்பு என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘நியான்’ என்பார்கள்.

அந்தக் காபி எந்தத் தலைப்பில் வாங்கப்பட்டதோ, அந்தத் தலைப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மேலாண்மைக் கட்டணம். இதைச் செயலாளரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கூட்டம் வருமா சார்?” என்று மட்டும் கேட்டார். வந்திருக்கிறீர்கள், நன்றி. கணக்குத் தணிக்கையில் முப்பத்து நான்கு வருஷம் கழித்தவனுக்கு வேறு எதைப் பற்றிப் பேச வரும்?

முதலில் அது என்ன பணம் என்று பார்த்துவிடுவோம். அரசாங்கம் ஓர் ஆராய்ச்சி மையத்திடம் வேலை கொடுக்கிறது. ஏவுகணையின் வடிவமைப்பைச் சரிபார்க்க வேண்டும், அல்லது அணு ஆயுதங்களைப் பராமரிக்க வேண்டும். எத்தனை நாள் ஆகும், எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் இருக்காது. ஆகவே ‘ஆகிற செலவைக் காட்டு, கொடுத்துவிடுகிறேன்’ என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். சம்பளம், மின்சாரம், கருவி, பயணம் எல்லாம் இதில் வரும். எது வரும், எது வராது என்பதற்குத் தடிமனான விதிப்புத்தகம் இருக்கிறது. கடனுக்குக் கட்டிய வட்டி வராது. மது வராது. கேளிக்கை வராது. நன்கொடை வராது. இத்தனைக்கும் மேலே, மொத்தச் செலவில் ஒரு சிறு விழுக்காடாக இன்னொரு தொகையும் தரப்படும். அதுதான் கட்டணம். ஆராய்ச்சி ஒப்பந்தங்களில் இந்த நிலையான கட்டணம் மதிப்பிட்ட செலவில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. லாப நோக்கம் இல்லாத மையங்கள் வாங்குவது அதைவிட மிகக் குறைவு.

வாங்குவது கம்பெனியாக இருந்தால் பிரச்சினை இல்லை. லாபம் என்று சொல்லிப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். லாப நோக்கமற்ற மையத்துக்குப் பங்குதாரரே கிடையாது. அப்படியானால் அந்தத் தொகை எதற்கு? கொடுத்தபின் அது யாருடையது? வேலைக்குக் கொடுத்த கூலி என்றால், கூலிக்காரன் அதில் காபி குடித்தானா கள்ளு குடித்தானா என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. அறப்பணத்தைக் கையில் ஒப்படைத்தது போல என்றால், ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். கூலியா, ஒப்படைப்பா? அறுபது எழுபது ஆண்டுகளாக அமெரிக்க அரசாங்கம் இதற்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, தணிக்கை வந்ததும் மற்ற பதிலைச் சொல்கிறது. நான் சொல்ல வந்ததும் இதுதான்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம் பக்கத்தில் கேட்பார்கள். ஊழலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை மேடையில் எடுத்து வீசுகிறோம். ஆனால் கவனித்தீர்களானால், அந்தப் பழமொழி நக்கியவனைத் திருடன் என்று சொல்லவில்லை. மரம் ஏறினான், கொட்டு வாங்கினான், கையில் ஒட்டியதை நக்கினான். அது இயல்புதானே என்கிற குரலும் அதில் இருக்கிறது. தேன் குடத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைப் பற்றி அது பேசுவதே இல்லை. தணிக்கைக்காரர்களுக்கும் அதே பார்வைதான் வாய்த்தது. நானும் அவர்களில் ஒருவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

கட்டணம் பேராசையில் பிறந்ததில்லை. 1946இல் அமெரிக்க வான்படை, போர்க்கால ஆராய்ச்சிக்கு ஒதுக்கி மிஞ்சிய பணத்திலிருந்து 1 கோடி டாலரை எடுத்து, டக்ளஸ் விமானக் கம்பெனியின் கீழ் ‘ராண்ட் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கியது. இனி வரும் போர்களுக்கு எந்த ஆயுதம் உதவும் என்று நிதானமாக உட்கார்ந்து யோசிக்க ஓர் அறிஞர் குழு. ஆனால் விமானம் விற்கிற கடைக்குள்ளேயே உட்கார்ந்து எந்த விமானத்தை வாங்கலாம் என்று ஆலோசனை சொன்னால் அடுத்த கடைக்காரர் சும்மா இருப்பாரா? 1948இல் ராண்ட் தனி நிறுவனமாகப் பிரிந்தது. லாப நோக்கமில்லாதது, பங்குதாரர் இல்லாதது, இடம் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா. பிரிந்த அன்று கையில் காசு இல்லை. அரசாங்கம் செலவானபின்தான் திருப்பித் தரும். செலவழிக்க முதலில் பணம் வேண்டுமே. ஃபோர்டு அறக்கட்டளை வட்டியில்லாக் கடன் கொடுத்தது, வங்கிக் கடனுக்குப் பிணையும் நின்றது. அப்படித்தான் முதல் சம்பளங்களுக்கு வழி பிறந்தது.

எல்லோருக்கும் ஒரு ஃபோர்டு கிடைக்குமா? கிடைக்காதவர்கள் வங்கியில் கடன் வாங்க வேண்டும். அந்த வட்டியை அரசாங்கம் செலவாக ஏற்காது. நாளைக்கு ஒப்பந்தம் நின்றால் ஊழியரை இரண்டு மாதம் வைத்துக்கொள்ள ஏதாவது கையிருப்பு வேண்டும். இதற்கெல்லாம்தான் அந்தச் சிறு விழுக்காடு. நியாயமான தேவை. வரலாற்றில் இந்தப் பகுதியைப் பலர் சொல்லாமல் தாண்டிப்போவதால்தான் நான் இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

ராண்டைப் பார்த்து மற்றவை வந்தன. 1958இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்திலிருந்து ‘மைட்டர்’ பிரிந்தது. 1960இல் ‘ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன்’ தொடங்கியது. ஏரோஸ்பேஸின் பிறப்பே ஒரு கண்காணிப்பின் விளைவு. விமானப்படையின் ஏவுகணைத் திட்டங்களுக்குத் தொழில்நுட்ப வழிகாட்டியாக இருந்தது ஒரு தனியார் கம்பெனியின் பிரிவு. வழிகாட்டியும் அவரே, நாளைக்குச் சரக்கு விற்கப்போவதும் அவரே என்றால் எப்படி என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்டது. அதன் பிறகே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிறுவனமாக ஏரோஸ்பேஸ் உருவாக்கப்பட்டது. சொந்தக்காரன் இல்லாவிட்டால் ஆசையும் இருக்காது என்று நம்பினார்கள் போலிருக்கிறது. ஐந்தே ஆண்டில், 1965இல், வர்ஜீனியாவின் போர்ட்டர் ஹார்டி தலைமையிலான ஆயுதப்படைத் துணைக்குழு அதே ஏரோஸ்பேஸின் கணக்குப் புத்தகங்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நிதிக் கொள்கை, நிர்வாகக் கட்டுப்பாடு என்று ஓர் அறிக்கையே போட்டது. 1969இல் காங்கிரஸின் கணக்கு அலுவலகமான ஜி.ஏ.ஓ., இப்படிப்பட்ட மையங்களுக்குக் கட்டணம் தருவதற்கு ஒழுங்கான நெறிமுறை வேண்டும் என்று எழுதியது. நெறிமுறை வந்தது. கொஞ்ச காலம் சந்தடி அடங்கியது.

அடுத்த தலைமுறைக்கு வருகிறேன். இங்கே ஐ.ஜி. என்றால் நமக்குப் போலீஸ் நினைவுதான் வரும். அமெரிக்காவில் 1978இல் வந்த சட்டத்தின்படி பெரிய துறைகளுக்கெல்லாம் ஓர் ஐ.ஜி. உண்டு, கையில் லத்திக்குப் பதில் கால்குலேட்டர். பாதுகாப்புத் துறையின் ஐ.ஜி. 1994இல் ஓர் அறிக்கை தந்தார். 1992ஆம் நிதியாண்டில் அவர் பார்த்த ஆராய்ச்சி மையங்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டணம் 4.69 கோடி டாலர். அதில் 4.3 கோடி, கட்டணத்திலிருந்து செலவழிக்கக் கூடாத இனங்களுக்குப் போயிருக்கிறது என்பது அவர் முடிவு. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல்! இப்படி ஒரு வரியைப் பார்த்தால் எந்த நிருபருக்கும் கை துறுதுறுக்கும்.

ஆனால் அந்த 4.3 கோடியைப் பிரித்துப் பாருங்கள். விதிப்படி ஏற்க முடியாத செலவுகளும் எதிர்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்ததும் சேர்ந்து வெறும் 16 லட்சம் டாலர். மீதி 4.14 கோடியும் எங்கே போனது? ஆராய்ச்சிக்கு. அதிகாரி கேட்காத ஆராய்ச்சிக்கு. அந்த மையங்களில் இருந்தவர்கள், ‘இந்தக் கேள்வியை யாரும் இன்னும் கேட்கவில்லை, நாம் பார்த்து வைப்போம்’ என்று சொந்தமாகத் தேர்ந்து செய்த ஆராய்ச்சிக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐ.ஜி. சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி வேண்டுமென்றால் அதை ஒப்பந்தத்தில் தனி இனமாகக் காட்டிப் பணம் கேள், கட்டணத்துக்குள் ஒளித்து வைக்காதே என்றார். தணிக்கைக்காரனாக நானும் அதையே எழுதியிருப்பேன். ஆனால் தனி இனமாகக் காட்ட வேண்டுமென்றால் என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டி எழுத வேண்டும். எழுதினால் அதிகாரி படிப்பார், ‘இது இப்போது எதற்கு?’ என்பார். எதற்கு என்று தெரியாதவற்றைச் செய்து பார்ப்பதற்காகத்தானே அந்த மையங்களையே நிறுவினார்கள்! ஆகவே கட்டணம் என்கிற அந்த ஒரே அறையில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருவர் விருந்து, மற்றவர் தேடல். விருந்தின் சத்தம் வெளியே கேட்டது. தணிக்கைக்காரர் வந்து அறையைப் பூட்டினார். உள்ளே மற்றவரும் இருந்தார்.

விருந்து இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே காலத்தில் பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை முகமை, மைட்டர் நிறுவனத்தின் 1993ஆம் நிதியாண்டுக் கட்டணச் செலவைப் பரிசோதித்தது. பார்த்தவற்றில் 11 விழுக்காடுதான் மையத்தை நடத்த ‘வழக்கமானதும் அவசியமானதும்’ என்று தேறியது. ஆடம்பர உபசாரம், மேலதிகாரிகளின் சொந்தச் செலவு, ஊழியருக்குத் தாராளமான சலுகைகள் என்று மீதிக்குப் பட்டியல் போட்டார்கள். ஜி.ஏ.ஓ. ஏரோஸ்பேஸைப் பற்றி ஒன்று, மைட்டரைப் பற்றி ஒன்று என 1995இல் இரண்டு கட்டண அறிக்கைகளை வெளியிட்டது. 1996இல் பாதுகாப்புத் துறை ஒரு மேலாண்மைத் திட்டம் வகுத்தது. இன்றைக்குப் பாதுகாப்புத் துறைக் கொள்முதல் விதியில், லாப நோக்கமற்ற இத்தகைய மையத்துக்குக் கட்டணம் தர வேண்டுமா என்பதையே ஒப்பந்த அதிகாரி முதலில் யோசிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் உபரி, நடைமுறை மூலதனம், கட்டடம் கருவி வாங்கும் திட்டம், திருப்பித் தரப்படாத ஆனால் வழக்கமானதும் அவசியமானதுமான செலவு — இவற்றைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

நல்ல விதி. ஆனால் எது வழக்கம், எது அவசியம் என்று யார் சொல்வது? நம் வீட்டில் காபி வழக்கமா, அவசியமா என்று விடியற்காலையில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இனி நியானுக்குத் திரும்புகிறேன். இது பாதுகாப்புத் துறை கதை இல்லை. பணம் கொடுத்தது தேசிய அறிவியல் அறக்கட்டளை. 2011இல் கட்டுமானத்துக்கு 43.38 கோடி டாலர். பெயரளவில் இதை ஒப்பந்தம் என்றுகூடச் சொல்வதில்லை, ‘கூட்டுறவு உடன்படிக்கை’ என்பார்கள். பெயர் மாறினாலும் கட்டணம் கட்டணம்தான். காபியும் விருந்தும் அதிலிருந்துதான். என்னை உறுத்தியது இன்னொரு வரி: 112,000 டாலர், லாபி செய்ய. அரசிடமிருந்து வாங்கிய பணத்தைக் கொண்டு அரசிடமே மேலும் பணம் கேட்க ஆள் அமர்த்தக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டத்தின் கருத்து. ஆனால் கட்டணமாகக் கைமாறியபின் அது அரசுப் பணமா? இல்லை, சம்பாதித்தது, எங்கள் பணம் என்பது ஒரு பக்கத்து வாதம். அறிவியல் அறக்கட்டளையும் அப்போது இருந்த விதியில் தடை ஏதும் இல்லை என்றே நின்றது. கூலி என்றார்கள். காங்கிரஸ் ஒப்படைப்பு என்றது. அதே பழைய வழக்கு, புதிய தேதியில்.

நியானின் கணக்கைப் பார்த்த பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை முகமையில் வேலை பார்த்த ஒருவரே, தாம் கண்டெழுதியதை மேலிடம் மழுக்கப் பார்த்தது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டியதும் விஷயம் சூடேறியது. சார்லஸ் கிராஸ்லி, ராண்ட் பால் என்ற இரண்டு செனட்டர்கள் கடிதம் எழுதினார்கள். (இந்த ராண்ட் வேறு, அந்த ராண்ட் வேறு.) அறிவியல் குழுத் தலைவர் லமார் ஸ்மித் விசாரணைக்கு நாள் குறித்தார். நான் தொடங்கிய டிசம்பர் 3 அதுதான். அந்த மாத முடிவுக்குள்ளேயே அறக்கட்டளை புதிய கட்டண விதிக்கு வரைவு வெளியிட்டுவிட்டது. கட்டணத்தை எதற்குச் செலவிடப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும், செலவிட்டபின் எதற்குப் போனது என்றும் சொல்ல வேண்டும். மது கூடாது, லாபி கூடாது, கேளிக்கை கூடாது என்று ஒரு பட்டியல். 2017 ஜனவரி 6 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு சட்ட வாசகமாகவே ஏறிவிட்டது. காபியில் தொடங்கிய விவகாரம் குடியரசுத் தலைவரின் பேனா வரைக்கும் போயிற்று என்றால் தணிக்கை உலகில் அது பெரிய வெற்றிதான்.

வெற்றிதானா?

நியானின் கட்டுமான மதிப்பீட்டைத் தணிக்கை செய்தவர்கள், காபி பேச்சுக்கு எத்தனையோ நாள் முன்பே, வேறொன்றும் சொல்லியிருந்தார்கள். 43.38 கோடியில் 15.4 கோடி டாலருக்கு மேல் ஏற்க முடியாதது அல்லது ஆதாரம் போதாதது. எதிர்பாராச் செலவுக்கு என்று ஒதுக்கிய தொகை அதில் கணிசமான பங்கு. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான மதிப்பீடு காலில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். இது தலைப்புச் செய்தியாகவில்லை. ‘எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டுக்குப் போதிய ஆவணமில்லை’ என்று எழுதினால் யார் படிப்பார்கள்? 25,000 டாலர் விருந்து என்றால் எல்லோருக்கும் புரியும். எல்லோரும் விருந்துக்குப் போனவர்கள்தாமே.

விசாரணை நடந்து ஆறு மாதம் கழித்து, 2015 ஜூனில், திட்டம் சுமார் 8 கோடி டாலர் எகிறப்போகிறது, பதினெட்டு மாதம் பின்தங்கியிருக்கிறது என்று தெரியவந்தது. காபிக் கணக்கை எழுத்தெழுத்தாகக் கிளறிய கண்களுக்கு இது படவில்லை. 8 கோடி டாலருக்கு அந்தக் காபியை ஏழாயிரம் தடவைக்கு மேல் வாங்கலாம். திட்டம் சுருக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் நியான் நிறுவனத்திடமிருந்து பொறுப்பு பறிக்கப்பட்டு, 2016இல் ஒஹையோவின் பாட்டெல் நிறுவனத்துக்குப் போயிற்று. கட்டுமானச் செலவின் வரம்பை 46.93 கோடியாக உயர்த்தினார்கள். 2019இல் 81 தளங்களோடு வேலை முடிந்தது. நிலத்தில் 47, நீரில் 34. அங்கிருந்து வரும் தரவு முழுவதும் இலவசம். இங்கே திருநெல்வேலியில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவியும் இறக்கிக்கொள்ளலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சர்வீஸில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தணிக்கைக்குப் போயிருந்தோம். எந்த நிலையம் என்பது வேண்டாம், அங்கே குற்றவாளி நான்தான். மூன்று பேர் குழு, பத்து நாள் வேலை. நிலையத்தின் வராந்தாவில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, இரும்புப் பட்டை போட்டு, பிரிக்காமல் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய கருவி. பெட்டியைச் சுற்றித்தான் தினமும் உள்ளே போவோம். கொள்முதல் கோப்பைப் பார்த்தேன். டெண்டர் உண்டு, ஒப்பீட்டுப் பட்டியல் உண்டு, அனுமதி ஆணை உண்டு, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. டிக் போட்டேன். அன்று மத்தியானம் சில்லறைச் செலவுப் புத்தகத்தில் தேநீர், சிற்றுண்டி என்று 342 ரூபாய்க்கு ஒரு வவுச்சர் அகப்பட்டது. எந்த விதியின் கீழ் என்று போடவில்லை. உடனே ஹாஃப் மார்ஜின், அதாவது விளக்கம் கேட்கும் தணிக்கைக் குறிப்பு, எழுதினேன். எழுதும்போது எனக்கு இருந்த உற்சாகத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

342 ரூபாய்க்கு விதி இருந்தது, மீறல் இருந்தது, கையில் வவுச்சர் இருந்தது. அந்தக் கருவி எதற்கு, ஏன் பிரிக்கவில்லை, பிரித்தால் ஓட்ட ஆள் இருக்கிறதா என்று கேட்க அந்த இயலைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கேள்வி கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்த இடத்தில் கெட்டிக்காரனாக இருந்தேன். வாஷிங்டனில் எனக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அந்த விசாரணையைப் படித்தபோது தோன்றிற்று.

கட்டணத்தைப் பற்றி இன்னொரு யோசனையும் அமெரிக்கர்கள் செய்து பார்த்தார்கள். அதையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நியூ மெக்ஸிகோவின் சாண்டியா அணு ஆயுத ஆய்வகத்தை ஏற்று நடத்தும்படி 1949இல் ட்ரூமன், ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பெனியின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கம்பெனி 1993 வரைக்கும் 44 ஆண்டுகள் கட்டணமே வாங்காமல் நடத்திற்று. நாட்டுப் பணி என்று சொல்லிக்கொண்டார்கள். கட்டணம் இல்லையென்றால் கட்டணத் தணிக்கையும் இல்லை! அதே மாநிலத்தின் லாஸ் அலமாஸ் அணு ஆயுத ஆய்வகத்தை 1943 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நடத்தி வந்தது. அதன் கட்டணம் கடைசிக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டாலர். பாதுகாப்புக் குளறுபடிகள் நடந்தபோது, லாபம் கண்ணில் பட்டால் ஒழுங்கு தானே வரும் என்று வாதித்தவர்கள் ஜெயித்தார்கள். 2006இல் அதே பல்கலைக்கழகமும் பெக்டெல் முதலான கம்பெனிகளும் சேர்ந்த லாப நிறுவனம் வந்தது. கட்டணம் 7 கோடி டாலருக்கு மேல் எட்டக்கூடியதாயிற்று. மதிப்பெண் வாங்கினால் முழுக்கட்டணம், தவறினால் பிடித்தம். லாப நிறுவனம் ஆனதால் வரிவிலக்கும் போய், மாநில வரிச்சுமையும் ஆய்வகத்தின் தலையில் ஏறியது.

2014 பிப்ரவரி 14 அன்று, நியூ மெக்ஸிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே நிலத்தடி உப்புப் பாறைக்குள் இருக்கும் அணுக்கழிவுக் கிடங்கில் ஒரு பீப்பாய் வெடித்துக் கதிரியக்கம் கசிந்தது. லாஸ் அலமாஸில் அடைத்து அனுப்பிய பீப்பாய். திரவத்தை உறிஞ்சப் பூனை மணல் போடுவது அங்கே வழக்கம். களிமண்ணால் ஆனதைப் போட வேண்டிய இடத்தில் கோதுமையால் ஆனதைப் போட்டிருக்கிறார்கள். நைட்ரேட் உப்போடு அது சேர்ந்தால் சூடேறும். கிடங்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு மூடிக்கிடந்தது. அந்த ஆண்டு 6.34 கோடி டாலர் வரை பெற்றிருக்கக்கூடிய கட்டணத்தில் ஆய்வகத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கிடைத்தது 62.5 லட்சம். பத்தில் ஒன்று. கட்டணத்தின் வரலாற்றிலேயே அரசாங்கம் மனதில் பட்டதைத் தெளிவாகச் சொன்ன நாள் அது என்பது என் எண்ணம். என்ன வாங்கிச் சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. வேலை கெட்டது, கூலி கிடையாது என்றது.

இதை நான் புகழ்ந்தாலும் அங்கே இருந்தவர்கள் புகழவில்லை. நார்மன் அகஸ்டின், ரிச்சர்ட் மைஸ் இருவரும் தலைமை தாங்கி, அணு ஆயுத ஆய்வகங்களின் நிர்வாகத்தை ஆராய்ந்த குழு, இந்த மதிப்பெண் கட்டண முறை ஆய்வகங்களுக்குக் கேடு என்று அதே 2014இல் சொன்னது. மதிப்பெண் போடுபவர் ஒரு புறம், போட வைப்பவர் ஒரு புறம் என்று இரண்டு படை உட்கார்ந்திருக்க, அறிவியல் நடுவில் காத்திருக்குமாம். 2018இல் லாஸ் அலமாஸ் மறுபடி லாப நோக்கமற்ற கூட்டமைப்பின் கைக்கே போனது. பன்னிரண்டு வருஷத்தில் வட்டமடித்துத் திரும்பிவிட்டார்கள். சாண்டியாவில் இலவசமாக நடத்தியவர்கள் போனபின் வந்த லாப நிறுவனம், ஒப்பந்தத்தைப் போட்டியில்லாமல் நீட்டித்துக்கொள்ள அரசுப் பணத்திலேயே லாபி செய்ததாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2015இல் 47.9 லட்சம் டாலர் கட்டியது. நியானின் 112,000 டாலர் லாபிக்கு ஒரு நாடே கொதித்ததே, அதே காலத்தில்தான் இதுவும். காபி இல்லாததால் இதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

என்னைக் கேட்டால், மூலதனத்துக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு, சொந்தத் தேடலுக்கு இவ்வளவு என்று கட்டணத்தைப் பெயர் சொல்லிப் பிரித்துவிடலாம். மிச்சமாக ஒரு சிறு தொகையைக் கூலி என்றே சொல்லிக் கொடுத்து, அதைப் பற்றிக் கேட்காமல் இருந்துவிடலாம். தேடலுக்கான பங்கைக் கணக்குக்காரரிடம் விடாமல், அந்த இயல் தெரிந்தவர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். இதில் புதுமை ஏதும் இல்லை. துண்டுதுண்டாக எல்லாமே எங்காவது ஒரு விதியில் இருக்கிறது. ஆனால் மொத்தமாகப் பெயரில்லாத ஒரு தொகை கையில் இருப்பது இரண்டு தரப்புக்குமே வசதியாக இருக்கிறது. கொடுப்பவர் தாராளமாக இருக்கலாம், பிறகு கோபமும் படலாம்.

அந்த 342 ரூபாய் என்ன ஆயிற்று என்று முன் வரிசையில் ஒரு அம்மா கேட்பது போலப் பார்க்கிறார். சொல்கிறேன். மூன்றாம் நாள் நிலையத்தின் கணக்கு எழுத்தர் பதில் கொண்டுவந்து வைத்தார். ஓய்வு பெறப்போகிற மனிதர், முத்து முத்தான கையெழுத்து. ‘குறிப்பிட்ட தொகையில், மேதகு தணிக்கைக் குழுவினர் மூவருக்கும் வருகை தந்த நாள் முதல் வாங்கப்பட்ட தேநீரும் வடையும் அடங்கும்’ என்று எழுதியிருந்தார். நான் படித்து முடிக்கும்வரை மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். அந்த ஆட்சேபப் பாரா டிராப் ஆயிற்று. கிளம்புகிற அன்றும் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.